பறக்கும் பருந்து, கழுகு: படம் சொதப்புது, லென்ஸ் மாத்தணுமா? (கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம்)

காவேரிப்பட்டணத்தான்
வணக்கம் நண்பர்களே. கையில இருக்கிறது கேனான் 90டி கேமரா, டாம்ரான் 150-600 ஜி2 ஜூம் லென்ஸ். லீவு நாள்னா நமக்கு கிருஷ்ணகிரி கேஆர்பி டேம்தான். பனைமரத்துல உக்காந்திருக்கிற பருந்துன்னா இறகு இறகா எண்ணலாம், அவ்வளவு சுத்தமா வருது. அதே பருந்து கிளம்பிடுச்சுன்னா கதை முடிஞ்சுது. பர்ஸ்ட் (விடாம வரிசையா எடுக்கிறது) முழுக்க அடிச்சாலும் தேறுறது ஒண்ணோ ரெண்டோ, அதுவும் முதுகு காட்டிக்கிட்டுப் போறதுதான். ஷட்டர் 1/1000 நொடி, எஃப் (லென்ஸ் துளை) 6.3, ஐஎஸ்ஓ (சென்சாரோட வெளிச்ச உணர்வு) ஆட்டோ, போக்கஸுக்கு சென்டர் பாயின்ட்.

ஒரு கடையில விசாரிச்சேன். "ஜூம்ல பறக்கிறது சிக்காது, குடுத்துட்டு 400 பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) எடுங்க"ன்னு சொல்றாங்க. மாங்காயில வந்த காசு கொஞ்சம் இருக்கு. வீட்ல வேற செலவு கண்டுபிடிக்கிறதுக்குள்ள முடிவு பண்ணணும். என்ன செய்யலாம்?

வத்தல்மலை
படத்தைக் காட்டாம லென்ஸைக் குறை சொல்றது, ஜாதகம் இல்லாம பொருத்தம் பாக்கச் சொல்ற மாதிரி. கிராப் பண்ணாத ஒரிஜினல் மூணு போடுங்க, அப்புறம் பேசலாம்.

பாலக்கோடு_தக்காளி
காசு இருக்குதுன்னு இங்க வந்து சொல்லிட்டீங்களே. இனி ஆளாளுக்கு ஒரு லென்ஸ் வாங்க வைப்பாங்க பாருங்க 😄

காவேரிப்பட்டணத்தான்
போட்டுட்டேன். முதல் படம் செம்பருந்து, தண்ணி ஓரமா தாழ்வாப் பறந்தது. ரெண்டாவது கரும்பருந்து, ரோட்டு மேல. மூணாவது மீன் பிடிக்கிற விரால் அடிப்பான், நடு டேம்ல, மதியம் பன்னெண்டரை இருக்கும்.

ராயக்கோட்டை_ரோடு
மூணையும் பெருசு பண்ணிப் பாத்தேன் தம்பி. லென்ஸை வித்துடாதீங்க. மூணும் மங்கல்தான், ஆனா மூணுக்கும் காரணம் வேற.

செம்பருந்து படத்துல பின்னாடி இருக்கிற சீமைக்கருவேல முள்ளைப் பாருங்க, கத்தி மாதிரி நிக்குது. பறவை மட்டும் குழம்பியிருக்கு. போக்கஸ் பின்னாடி ஓடிப்போச்சு. சென்டர் பாயின்ட் ஒண்ணை வச்சுக்கிட்டு 600-ல பறவையைப் பிடிக்கப் பாத்தா, கை ஒரு இம்மி அசைஞ்சாலும் பாயின்ட் முள்ளுக்குப் போயிடும். உங்க கேமரா பாடியில 45 போக்கஸ் பாயின்ட் இருக்கு. வெறும் வானம்னா ஸோன் (நிறைய பாயின்ட் சேந்த பரப்பு) போடுங்க, பின்னாடி மரம் செடி வந்தா சின்னக் குழுவா வச்சுக்கோங்க. ஏஐ சர்வோ (நகர்றதைத் தொடர்ந்து போக்கஸ் பண்ற மோடு) கட்டாயம். போக்கஸை ஷட்டர் பட்டன்ல இருந்து எடுத்து, பின்பக்கம் கட்டைவிரல்ல இருக்கிற ஏஎஃப்-ஆன் பட்டனுக்கு மாத்துங்க. லென்ஸ்ல 10 மீட்டருக்கு மேலன்னு ஒரு லிமிட்டர் சுவிட்ச் இருக்கும், அதைத் தள்ளி வைங்க. போக்கஸ் தப்பினா அடியில இருந்து நுனி வரைக்கும் துழாவிட்டு வர்ற நேரம் மிச்சம்.

கரும்பருந்து: கண்ணும் அலகும் பரவாயில்ல, றெக்கை நுனி மட்டும் இழுபட்டிருக்கு. அது ஷட்டர். 1/1000 மிதந்துக்கிட்டிருக்கிற பருந்துக்குப் போதும், றெக்கை அடிக்கிற பருந்துக்குப் பத்தாது. 1/2500-ல ஆரம்பிங்க. வல்லூறு மாதிரி படபடன்னு அடிக்கிறதுன்னா 1/3200.

மூணாவதுல எங்கயுமே கூர்மை இல்ல. தண்ணியோட விளிம்பு, அக்கரையில இருக்கிற மரம், பறவை எல்லாம் நெளியுது. அது கானல். அந்த நேரத்துல அவ்வளவு தூரத்துல எந்த லென்ஸ் வச்சு அடிச்சாலும் அதேதான் வரும். லட்ச ரூபாய் லென்ஸ்ல அடிச்சா லட்ச ரூபாய்க்குக் கானல் வரும்.

வத்தல்மலை
அண்ணன் சொன்னதுல ஒண்ணு சேத்துக்கோங்க. 90டி 1.6 கிராப் பாடி, அதாவது முழுபிரேமை விடச் சின்ன சென்சார். 600-ன்னா முழுபிரேம் கணக்குல 960. அந்த ஓட்டை வழியா ஆகாசத்துல பருந்தைத் தேடினா கிடைக்காது. 300-ல வச்சுப் பிடிங்க, போக்கஸ் ஒட்டினதும் ஜூம் பண்ணுங்க. அப்புறம் 32 மெகாபிக்சல்ல நூறு சதவீதம் பெருசாக்கிப் பாத்தா எல்லாமே கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும், அதையும் மனசுல வைங்க.

பழைய_நானூறு
கடையில் சொன்ன அந்த லென்ஸ் என்னிடம்தான் இருக்கிறது. கேனான் 400, எஃப் 5.6. 1993-இல் வந்தது. நடுக்கம் தாங்கும் வசதி கிடையாது, ஜூம் கிடையாது. எடை ஒன்றேகால் கிலோ. அந்த எடைக்காகத்தான் இன்னும் விடாமல் வைத்திருக்கிறேன். உங்கள் டாம்ரான் இரண்டு கிலோ, அரை மணி நேரம் தூக்கிப் பிடித்தால் தோள் இறங்கிவிடும். வித்தியாசம் அவ்வளவுதான்.

எனக்கு உறுத்தியது வேறு. "முதுகு காட்டிக்கொண்டு போவதுதான் தேறுகிறது" என்று எழுதியிருந்தீர்களே, அதை யாரும் பிடிக்கவில்லை. அதற்கு லென்ஸ் என்ன செய்யும்? அது காற்றின் வேலை.

பருந்து எதிர்காற்றில்தான் கிளம்பும், எதிர்காற்றில்தான் இறங்கும். ஒரே இடத்தில் றெக்கையடித்து நிற்பதும் எதிர்காற்றில்தான். ஆகவே காற்று உங்கள் முதுகில் பட்டால் பறவையின் முகம் உங்களைப் பார்த்திருக்கும். எதிர்காற்றை வெட்டிக்கொண்டு வருவதால் தரையைப் பொறுத்தவரை மெதுவாகவும் வரும், போக்கஸ் பிடிக்க நேரம் கிடைக்கும். காற்று உங்கள் முகத்தில் அடித்தால் பறவை காட்டுவது வால்.

இனி வெயிலைச் சேருங்கள். நம் பக்கம் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. காலைச் சூரியன் தென்கிழக்கில். மேற்கே பார்த்து நின்றால் காற்றும் வெயிலும் ஒன்றாக முதுகில். பறவை உங்களை நோக்கி வரும், அதன் முகத்தில் வெளிச்சமும் விழும். நம் ஊரில் குளிர்காலக் காலைப்பொழுதில் நல்ல படம் சிக்குவதற்கு வலசை வரும் பறவைகள் பாதிக் காரணம், இது மீதிப் பாதி.

ஆடியில் இதெல்லாம் தலைகீழ். மேல்காற்று பிய்த்துக்கொண்டு போகும். காலையில் சூரியனை முதுகுக்கு வைத்தால் காற்று முகத்தில் அடிக்கும். அழகான வெளிச்சத்தில் வரிசையாக வால்கள் கிடைக்கும். ஆடியில் காலைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், சாயங்காலம் நாலரைக்கு மேல் போய்க் கிழக்கே பார்த்து நில்லுங்கள். அப்போது காற்றும் மேற்கு, வெயிலும் மேற்கு.

காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கச் செயலி வேண்டாம். தென்னை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது, தண்ணீரில் சிற்றலை எங்கே ஓடுகிறது, போதும்.

காவேரிப்பட்டணத்தான்
சார், இதை இத்தனை நாளா யாருமே சொல்லலை. நான் வண்டி நிறுத்த நிழல் இருக்கிற பக்கமாப் பாத்து நிப்பேன். அங்க காலையில காத்து நேரா மூஞ்சியிலதான் அடிக்கும்.

ஓசூர்_செல்வி
நிழல் இருக்கிற பக்கம் நிக்கிறது எல்லாரும் செய்யிறதுதான், விடுங்க. நான் கேனான் ஆர்7 வச்சிருக்கேன், மிர்ரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத கேமரா). அடுத்து மிர்ரர்லெஸ் வாங்கச் சொல்லி ஆள் வரும், அதனால முன்கூட்டியே சொல்றேன். பறவையோட கண்ணைத் தானா பிடிக்குது, உண்மைதான். வெறும் வானத்துல அற்புதம். கெலவரப்பள்ளி டேமுக்குக் கீழ தண்ணி திறந்துவிட்டு ஆத்துல நுரை பொங்கி நிக்கும்போது போய்ப் பாருங்க, பருந்தை விட்டுட்டு நுரையைத்தான் கண்ணுன்னு பிடிக்குது. (அந்த நுரை வேற கதை, அதைத் தனி இழையில திட்டலாம்.)

இன்னொண்ணு, இதுல எலக்ட்ரானிக் ஷட்டர் நொடிக்கு 30 படம் எடுக்கும். எடுத்துப் பாத்தா றெக்கை ரப்பர் மாதிரி வளைஞ்சிருக்கும். சென்சார் மேல இருந்து கீழ வரி வரியாப் படிக்கிறதுக்குள்ள றெக்கை நகர்ந்துடுது. மெக்கானிக்கல்ல 15. பறக்கிறதுக்கு நான் அதைத்தான் போடுறேன்.

வெளிச்சத்துக்கு: ஷட்டர் 1/2500, எஃப் 7.1, ஐஎஸ்ஓ ஆட்டோ, காம்பன்சேஷன் (கேமரா கணக்கை விட வெளிச்சம் கூட்டுறது) பிளஸ் ஒண்ணு. வானம் வெளுப்பா இருக்கிறதால கேமரா பறவையைக் கருப்பாக்கிடும், அதுக்குத்தான் பிளஸ்.

வத்தல்மலை
ஆட்டோ ஐஎஸ்ஓவை நான் ஒத்துக்க மாட்டேன். பறவை வானத்துல இருக்கும்போது பிளஸ் ஒண்ணு சரி. அதே பறவை ரெண்டு நொடியில மலைக்கு முன்னாடி இறங்குது. பின்னாடி கரும்பச்சை வந்ததும் கேமரா ஐஎஸ்ஓவை ஏத்தும், அதுக்கு மேல உங்க பிளஸ் ஒண்ணு வேற. செம்பருந்தோட வெள்ளைத் தலை சுண்ணாம்பாப் போயிடும். பறவை மேல விழுற வெயில் மாறவே இல்ல, பின்னணிதான் மாறிச்சு. அதுக்கு எதுக்கு ஐஎஸ்ஓ மாறணும்?

ஷட்டர், எஃப், ஐஎஸ்ஓ மூணையும் மேனுவல்ல பூட்டுங்க. காலை ஒன்பது மணி தெளிவான வெயில்னா 1/2500, எஃப் 7.1, ஐஎஸ்ஓ 800 பக்கத்துல வரும். வெயில்ல இருக்கிற புல்லு மேல ஒண்ணு அடிச்சு ஹிஸ்டோகிராம் (வெளிச்ச வரைபடம்) பாத்துக்கோங்க. செம்பருந்துன்னா தலைக்காக மூணுல ஒரு பங்கு ஸ்டாப் (வெளிச்ச அளவு) குறைங்க. கரும்பருந்துன்னா அதே அளவு ஏத்துங்க.

ஓசூர்_செல்வி
மேகம் ஓடிக்கிட்டிருக்கிற நாள்ல உங்க மேனுவல் என்ன ஆகும்? ஐப்பசியில ஓசூர் வானத்தைப் பாத்திருக்கீங்களா? வெயில் வருது, போகுது, வருது. நான் டயலைத் திருப்பிக்கிட்டே இருந்தா பருந்து பேகேபள்ளி தாண்டிப் போயிருக்கும்.

வத்தல்மலை
மேகம் ஓடுற நாள்ல ஆட்டோ வைங்க. அதுக்குச் சண்டை போட மாட்டேன். தெளிவான வானத்துக்கு மேனுவல்.

ராயக்கோட்டை_ரோடு
வானம் பின்னணியா வந்தாத்தானே இந்தத் தலைவலி எல்லாம். ஏறிப் போயிடுங்க. ராயக்கோட்டை கோட்டை மலையோ, கிருஷ்ணகிரி கோட்டை மலையோ, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மேல போயிடணும். ஒன்பது, ஒன்பதரைக்கு மொட்டைப் பாறை சூடாகி அனல்காத்து மேல கிளம்பும். கீழ பனைமரத்துல உக்காந்திருந்ததெல்லாம் அப்பதான் அதுல ஏறி வட்டம் போட்டுக்கிட்டே வரும். நீங்க மேல நின்னா, ஏறி வர்ற பருந்து ஒரு சுத்துல உங்க கண்ணுக்கு நேரா இருக்கும், அடுத்த சுத்துல தலைக்கு மேல. அந்த ஒரு சுத்துல முதுகு றெக்கை முழுக்கத் தெரியும், பின்னாடி வெள்ளை வானத்துக்குப் பதிலா தூரத்து மலையும் தோப்பும் இருக்கும். தரையில நின்னு வயித்தைப் பாத்து அடிக்கிற படத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.

பொனெல்லி கழுகு ஜோடியா வரும் பாருங்க, ஒண்ணு முன்னாடி, ஒண்ணு கொஞ்சம் மேல பின்னாடி. முதல்ல போறதைப் பாத்து வாய் பிளந்து நிக்காம, ரெண்டாவதுக்குத் தயாரா இருங்க.

குரங்கு உண்டு, பையைத் திறந்து வைக்காதீங்க. ராயக்கோட்டை தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கிற கோட்டை, டிரோன் கிரோன்னு எடுத்துட்டுப் போகாதீங்க.

நடுவர்
பாறையில கூடு இருக்கிற இடத்தைக் குறிப்பிட்டு வந்த ஒரு பதிலைத் தூக்கிட்டேன். மலை பேர், ஊர் பேர் வரைக்கும் சரி. எந்த முகட்டுல, எந்த விளிம்புலன்னு வேண்டாம். கூடு கட்டுற காலத்துல ஆள் நெருங்கினா தாய்ப்பறவை எழுந்து போயிடும், வெயில்ல கிடக்கிற முட்டைக்கு ரொம்ப நேரம் தாங்காது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டமும் இருக்கு, ஞாபகம் வைங்க.

பாலக்கோடு_தக்காளி
இவ்வளவு கஷ்டம் எதுக்குங்க? பைபாஸ் ஓரத்துல கோழிக் கழிவு கொட்டுற இடம் இருக்குல்ல, அங்க கரும்பருந்து கூட்டம் கூட்டமாச் சுத்தும். எங்க ஆளுங்க ஒரு கவர் குடலை வாங்கிட்டுப் போய் வீசுவாங்க. பதினஞ்சு அடியில பாய்ஞ்சு தூக்கும். பிரேம் முழுக்கப் பருந்து. கேமராவோட வர்ற கிட் லென்ஸே போதும்.

வத்தல்மலை
அதுக்குப் பேர் பறவைப் படம் இல்ல, பந்தி பரிமாறுறது.

பாலக்கோடு_தக்காளி
கறிக்கடைக்காரர் தினமும் போடுறார். அவரைக் கேக்க மாட்டீங்க. நான் போட்டா மட்டும் தப்பா?

ஓசூர்_செல்வி
கேள்வி நியாயம்தான். கறிக்கடைக்கு எதிர்ல ஏற்கெனவே சுத்துற பருந்தை நானும் எடுத்திருக்கேன், அதுல எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்ல. ஆனா நாமளே கவர் எடுத்துட்டுப் போய் ரோட்டோரம் வீசினா, அடுத்து அந்தப் பருந்து லாரி வர்ற பாதையில தாழ இறங்கும். அங்க மேல கரண்டு கம்பி வேற. அது அடிபட்டா நம்ம படத்துக்காகத்தான்.

அதை விடுங்க, படமா பாத்தாலும் எல்லாம் ஒரே படம். தலை குனிஞ்சு, கால் நீட்டி, கண்ணு ஒரு துண்டு குடல்ல. யார் எடுத்ததுன்னே தெரியாது.

பாலக்கோடு_தக்காளி
லாரி விஷயம் சரி. ரோட்டோரம் வேண்டாம்னு அவங்ககிட்டச் சொல்றேன். மத்தபடி பழகுறவங்களுக்குக் கிட்டத்துல பருந்து கிடைக்கிறது பெரிய விஷயம்ங்க, அதையும் ஒரேயடியா ஒதுக்காதீங்க.

பழைய_நானூறு
பழக வேண்டுமென்றால் வீசாமலே வழி இருக்கிறது. கேழ்வரகு அறுத்த காடுகளுக்குப் போங்கள். கருந்தோள் பருந்து அங்கே நிற்கும், அதாவது ஆகாயத்தில் ஒரே இடத்தில் றெக்கையடித்துக்கொண்டு நிற்கும். புறா அளவுதான், வெள்ளையும் சாம்பலும், சிவந்த கண். உடம்பு ஆடும், றெக்கை ஆடும், தலை மட்டும் ஆணி அடித்தாற்போல அசையாது. கண்ணில் போக்கஸ் வைக்க அதைவிடத் தோதான பறவை இல்லை. பிறகு றெக்கையை மேலே தூக்கி, காலைத் தொங்கவிட்டுப் படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு கணம் நிற்கும், அங்கெல்லாம் படம் இருக்கிறது.

அக்டோபரிலிருந்து மார்ச் வரை பூனைப்பருந்துகளும் அதே காடுகளில். இடுப்பளவு உயரத்தில், எதிர்காற்றில், உழவு ஓட்டுகிறாற்போல வரப்பு வரப்பாகப் போய்த் திரும்பும். பின்னால் ஓடாதீர்கள், மூன்று வரப்பு முன்னால் போய்க் குத்தவைத்து உட்காருங்கள்.

சின்னாற்றுக்கரை
உக்காந்திருக்கிற பருந்து எப்பக் கிளம்பும்னு கண்டுபிடிக்க ரெண்டு அடையாளம். எச்சம் போடும். அப்புறம் உடம்பைக் காத்து வர்ற பக்கம் சாய்ச்சுத் தலையைத் தாழ்த்தும். எச்சம் விழுந்ததும் கட்டைவிரல் பட்டன்ல இருக்கணும். திரையில பறவையை நடுவுல வைக்காதீங்க, சாயுற பக்கம் இடம் விட்டு வைங்க, இல்லன்னா றெக்கை வெட்டுப்படும்.

இன்னொண்ணு காது. இரட்டைவால் குருவி திடீர்னு கத்திக்கிட்டு மேல ஏறுச்சுன்னா அங்க ஏதோ வருதுன்னு அர்த்தம். காக்கா கூட்டம் துரத்தினாலும் அப்படித்தான். நான் பாத்த வல்லூறுல பாதியைக் காட்டிக் குடுத்தது இரட்டைவால்தான்.

காவேரிப்பட்டணத்தான்
ரொம்ப நன்றி எல்லாருக்கும். லென்ஸ் விக்கிற எண்ணத்தை விட்டாச்சு. விரால் அடிப்பான் பத்தி மட்டும் கேக்கணும். தண்ணியில பாயுற நேரத்துல பிடிக்கவே முடியலை.

ராயக்கோட்டை_ரோடு
பாயுறதை விட்டுட்டு அதுக்கு அப்புறம் வர்றதைப் பிடிங்க. மீனோட எழுந்ததும் கொஞ்ச தூரத்துல ஆகாயத்துலயே உடம்பை ஒரு உதறு உதறும். தலையில இருந்து வால் வரைக்கும் முறுக்கிக்கிட்டுத் தண்ணி வட்டமாத் தெறிக்கும். அப்புறம் ஒரு காலை முன்னாடி, ஒரு காலைப் பின்னாடி மாத்தி மீனோட தலை முன்னாடி வர்ற மாதிரி திருப்பிக்கும். பாய்ச்சலைப் பிடிக்கிற ஆளெல்லாம் அந்த நேரத்துல கேமரா ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டிருப்பான். காலையில ஏழரையில இருந்து ஒன்பதரைக்குள்ள முடிச்சுடுங்க, அப்புறம் கானல் வந்துடும். கார்ல இருந்து எடுத்தா என்ஜினையும் ஏசியையும் அணைச்சு, கண்ணாடி இறக்கி ரெண்டு நிமிஷம் விட்டு எடுங்க. உள்ள குளிர்காத்து, வெளிய சூடு, ரெண்டும் ஜன்னல்ல கலந்தா அங்கயே கானல் ஆரம்பிச்சுடும்.

சின்னாற்றுக்கரை
மீன் பிடிக்கிறதுன்னா எங்க பக்கமும் வாங்க. ஒகேனக்கல்ல காவிரிக்கரை மருத மரத்துல சின்ன மீன்கழுகு உக்காரும். காட்டுக்குள்ள நடந்து போறது வேண்டாம், காவிரி சரணாலய எல்லை, யானை நடமாட்டம். வனத்துறை அனுமதி இல்லாம கால் வைக்காதீங்க. பரிசல்ல இருந்தே எடுக்கலாம். தண்ணி மட்டத்துல இருந்து எடுக்கிற கோணம் கரையில கிடைக்காது.

காவேரிப்பட்டணத்தான்
பரிசல் சுத்துமே அண்ணா, 600 நிக்குமா? லென்ஸ்ல விசி (நடுக்கம் தாங்குற வசதி) மூணு மோடு இருக்கு, எதை வைக்கிறது?

சின்னாற்றுக்கரை
600 வேண்டாம், 300-க்குள்ள வைங்க, பரிசல்ல கழுகு கிட்டத்துலயே கிடைக்கும். ரெண்டாவது மோடு பேனிங்குக்கு (பக்கவாட்டுல திருப்பிக்கிட்டே எடுக்கிறது), பரிசல் எல்லாப் பக்கமும் ஆடுறதால அது சரிவராது. மூணாவது வைங்க, படம் விழுற நொடியில மட்டும்தான் நடுக்கத்தைத் தாங்கும், கேமராவைத் திருப்பும்போது இழுக்காது. 1/2500-ல அடிச்சா அதுவும் கூட அணைச்சுடலாம்.

துடுப்புத் தண்ணி தெறிக்கும், ஒரு பிளாஸ்டிக் கவர் கொண்டு வாங்க. லைஃப் ஜாக்கெட் கழுத்துல கேமரா வாரைச் சிக்க வைக்கும், வாரை முன்னாடியே கட்டையாக்கிடுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி பரிசல் ஓடுதான்னு கேட்டுக்கோங்க. காவிரியில நீர்வரத்து ஏறினா கலெக்டர் தடை போட்டுடுவார், கரையில நின்னு மீன் வறுவல் சாப்பிட்டுட்டுத் திரும்ப வேண்டியதுதான்.